தேசம்மா திரும்பி ஓடிய நாள்

தொலைபேசியில் முதலில் கேட்டது மூச்சுதான். காலை ஆறே முக்கால் மணி, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிற நேரம். ஒரு கையில் குடமும் இன்னொரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். பேசுவதற்கு முன் மூன்று நான்கு முறை மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொள்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான், அமுதா. "பானுக்கா... அண்ணி... படில ஒக்காந்துச்சு... எய்ந்துக்கவே இல்லக்கா" என்றாள்.

அவள் அண்ணி என்றது நம் சங்கத் தலைவி தேசம்மாவை. அமுதா, தேசம்மாவின் கணவருக்குத் தங்கை. அவர் போன பிறகு இரண்டு பெண்களும் எர்ணாவூர் வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் ஒன்றாக இருந்தார்கள். அன்று காலை கீழே போய்த் தண்ணீர் பிடித்து ஏறிய தேசம்மா, இரண்டாம் மாடித் திருப்பத்தில் இரண்டு குடங்களையும் பதமாக இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். வயது ஐம்பத்தெட்டு. என்னைவிட மூன்று வயது இளையவள்.

செய்தி கேட்டதும் அழுதேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். 'அப்படியானால் விசாரணைக்கு யார் போவது?' என்றுதான் என் மனம் கேட்டது. கேட்ட அடுத்த நொடியே பதிலும் தெரிந்துவிட்டது. குடத்தைக் கீழே வைத்தேன். அழுகை எர்ணாவூருக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் வந்தது.

விசாரணை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இறால் கம்பெனியில் அமோனியா கசிந்தது. அன்று அமுதா உள்ளே வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் நெஞ்சு கெட்டது அங்கேதான். ஆனால் கம்பெனிப் பதிவேட்டில் அமுதா என்று ஒரு பெயரே இல்லை. 'இந்தப் பெண் எங்கள் தொழிலாளி இல்லை, எங்கள் கட்டடத்துக்குள் இருந்ததும் இல்லை' என்கிறார்கள். இருந்தாள் என்று சொல்ல முன்வந்த ஒரே ஆள் தேசம்மா. வருகிற திங்கட்கிழமை தொழிலாளர் துறை அலுவலகத்தில் அவள் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தேசம்மாவின் படத்திறப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இரண்டு மூன்று பக்கம் எழுதித் தாருங்கள் என்று நம் பெண் தொழிலாளர் சங்கத்தில் கேட்டார்கள். "நல்லதா எழுதுங்கக்கா" என்றும் சொன்னார்கள். அந்தச் சொல்லில் ஒரு வேண்டுகோள் ஒளிந்திருந்ததும் எனக்குப் புரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். நல்லதாகத்தான் எழுதப்போகிறேன், ஆனால் நீங்கள் நினைத்த மாதிரி இருக்காது.

காலடிப்பேட்டை மார்க்கெட் முனையில் தேசம்மாவுக்கு ஒரு பேனர் வைத்திருக்கிறார்கள். 'அஞ்சா நெஞ்சத் தலைவியே' என்று போட்டிருக்கிறது. அதைப் பார்த்து நடுத்தெருவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த மனிதர்களில் அவளைப் போலப் பயந்தவள் கிடையாது. ராயபுரம் சங்க அறைக்கு அவள் முதன்முதலில் வந்த நாள் நினைவிருக்கிறது. கீழே வலைக்கடை, மேலே எங்கள் அறை. எல்லோரும் வந்தவுடன் மின்விசிறிக்கு அடியில் இடம் தேடுவார்கள். இவள் வாசலிலேயே நின்று, "இந்த ரூமுக்கு பின்னால வெளிய போவ வயி இருக்காக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்றிலிருந்து கடைசி வரை கதவுக்குப் பக்கத்து நாற்காலிதான் அவளுக்கு. எங்கே கூட்டம் என்றாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பாள். ஒரு நனைத்த துண்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பையில் வைத்திருப்பாள். நான் கேலி செய்வேன். "சிரி, சிரி. நம்ம ஏரியால மூக்குதான் மொத வாச்மேன். அவன் தூங்கிட்டா நாம காலி" என்பாள். ஆலைப் புகைக்கும் வாயுக் கசிவுக்கும் நடுவே எண்ணூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கை இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சியில் இருபது ஆண்டு டைப் அடித்ததில் கிடைத்த சொத்து அது. அதனால் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்கு உலக நாடுகள் கூடி வகுத்த தொழில் விதிகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவேன். தேசம்மா அந்தத் தமிழிலிருந்து எங்கள் தமிழுக்குக் கொண்டுவருவாள். நூறு ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் விதிகளிலேயே பெண்களைப் பற்றி இரண்டு உண்டு. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு வேண்டும் என்று ஒன்று, ஆலைகளில் பெண்களை இரவு வேலைக்கு வைக்கக்கூடாது என்று இன்னொன்று. நான் இரண்டாவதை வாசித்து முடித்ததும் தேசம்மா எழுந்து, "ராத்திரில பொம்பள ஃபேக்டரிக்கு போவக்கூடாதுன்னு எய்தி வச்சாங்கோ. சரி. ராத்திரில புள்ளைக்கு ஜொரம் வந்தா யாரு எய்ந்துக்கணும்னு எய்தலியா?" என்றாள். அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதில் கேட்டாள்.

பிறகு சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிற விதி. "மதிப்பு மதிப்புன்றாங்களே, அத்த போடறது யாரு? தராச கையில வச்சிகினு கீறவன்தானே?" வீட்டிலேயே உட்கார்ந்து கூலிக்கு வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்களே என்று பின்னால் ஒரு விதி வந்தது, நம் நாடு அதை இன்னும் ஏற்கவில்லை என்றேன். "வாசப்படி வரைக்கும் வந்துட்டான். உள்ள வர்றதுக்குத்தான் வெக்கப்படறான்" என்றாள். அந்த விதிகளை வரிசையாக வாசித்தால் எனக்கு ஒன்று தோன்றும். பெண் எங்கே எப்போது வேலை செய்யக்கூடாது என்று முதலில் கேட்டார்கள். அவளுக்கு எவ்வளவு கொடுப்பது என்று அப்புறம் கேட்டார்கள். அவள் செய்வதெல்லாம் வேலைதானா என்று கேட்க ஏறத்தாழ நூறு ஆண்டு ஆயிற்று. முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டியது கடைசியில் வந்து சேர்ந்தது.

அந்த இறால் கம்பெனியில் வேலை நடக்கும் முறையைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது. உரிக்கிற பெண்ணுக்கு எண் போட்ட ஒரு டோக்கன். உரித்த இறாலை எடை போட்டு அந்த எண்ணில் எழுதுவார்கள். ஐஸ் உருகுவதற்குள் உரிக்க வேண்டிய இறாலோ ஒருத்தியின் இரண்டு கைக்கு அடங்காது. அதனால் டோக்கன் உள்ளவள் தன் நாத்தனாரையோ மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு வருவாள். அவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து விடியலிலிருந்து உரிப்பார்கள். எடை ஏறுவது ஒரே எண்ணில்தான். அவர்களுக்குத் தனியாகச் சம்பளம் இல்லை, பெயர் இல்லை, கையுறைகூட இல்லை. 'கூட ஒக்காறவங்க' என்று சொல்வார்கள். கம்பெனிக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். யாராவது பார்வையிட வந்தால் மட்டும் மேஸ்திரி ஒரு சைகை செய்வார். கூட உட்கார்ந்தவர்கள் எழுந்து பின்பக்கம் குளிர் அறையை ஒட்டி இருக்கும் இடுக்கில் போய் நின்றுகொள்வார்கள். வெளியிலிருந்து தாழ் போடப்படும். தேசம்மாவின் டோக்கனில் கூட உட்கார்ந்தவள் அமுதா.

அன்று பார்வையிட வந்தவர் யார் தெரியுமா? அந்த இறாலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஓர் அம்மையார். பெண் தொழிலாளர்களை உலகத் தொழில் விதிகளின்படி நடத்துகிறார்களா என்று பார்த்து எழுத வந்தவர். நல்ல மனுஷி, சிரித்த முகம். கழிப்பறை பார்த்தார், கையுறை பார்த்தார், பெண்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். மொழிபெயர்க்கச் சங்கத்தின் சார்பில் என்னை அழைத்திருந்தார்கள். வாசலில் பெண்கள் கழற்றி விட்டிருந்த செருப்புகளைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். உள்ளே இருந்த பெண்களைவிடச் செருப்புகள் அதிகம். பார்த்தேன். ஏன் என்று தெரியும். சும்மா இருந்தேன்.

பத்து மணி இருக்கும். பின்பக்கம் குக்கர் விசில் போல ஒரு சத்தம் எழுந்தது, ஓயவே இல்லை. அடுத்து வாடை. அமோனியாவை முகர்ந்தவர்களுக்குத் தெரியும், அது மூக்கில் ஏறுவதற்கு முன் கண்ணைப் பிடிக்கும், தொண்டையை நெரிக்கும். "கேஸு! கேஸு!" என்று யாரோ கத்தினார்கள். மேஜை, தட்டு, இறால் எல்லாம் சரிய முன்வாசல் வழியாக விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். நான் எந்தக் காலில் என்ன மாட்டியிருந்தேன் என்று நினைவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் நின்றேன். கண்ணைத் திறக்க முடியவில்லை.

அந்த அம்மையாருக்கு இருமலுக்கு நடுவிலும் கடமை மறக்கவில்லை. பதிவேட்டை வாங்கி எண்ணினார். இருபத்திரண்டு டோக்கன், இருபத்திரண்டு பெண்கள். என் பக்கம் திரும்பி, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கேட்கச் சொன்னார். எனக்கு மிக அருகில் நின்றவள் தேசம்மா. அவளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். மேஸ்திரி அவளைப் பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிறது என்று சொன்னால் கூட உட்காரும் வழக்கம் மொத்தமும் அம்பலமாகும், இருபத்திரண்டு டோக்கனும் போகும். அவள் உதடு இரண்டு முறை அசைந்தது. "எல்லாரும்... வந்துட்டோங்க்கா" என்றாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் அதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் தாளில் ஒரு குறி போட்டுக்கொண்டார்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றோம் என்று தெரியாது. தேசம்மா இரண்டு அடி எடுத்து வைத்தாள், நின்றாள், திரும்ப வந்தாள். பிறகு ஓட ஆரம்பித்தாள். முகப்பிலிருந்த தொட்டியில் முந்தானையை முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு, "அய்யோ பயமா கீதே, எனக்கு பயமா கீதே" என்று சத்தமாக அழுதுகொண்டே கட்டடத்தின் பின்பக்கம் ஓடினாள். வீரர்கள் ஓடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இதைத்தான். அவளே தாழைத் திறந்தாள். உள்ளே ஐந்து பேர். நான்கு பேர் தடுமாறி வெளியே வந்தார்கள். அமுதா கடைசி மூலையில் கிடந்தாள். காலைப் பிடித்து இழுத்து வந்தாளாம். நான் சாலையின் அந்தப் பக்கத்திலேயே நின்றேன்.

பின்பக்கத்திலேயே ஐந்து பேரையும் சரக்கு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தேசம்மா ஓடுவதற்கு முன்பே மேஸ்திரி காரில் உட்காரவைத்துவிட்ட அம்மையாருக்கு எதுவும் தெரியாது. அவருடைய அறிக்கையில், 'கசிவின்போது தொழிலாளர்கள் அனைவரும் ஒழுங்காகவும் பாதுகாப்பாகவும் வெளியேறினர்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே சங்கத்தின் பிரதிநிதியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் கையெழுத்துப் போட்டிருப்பது நான். எட்டு ஆண்டு கழித்து, அமுதா அங்கே இருந்ததே இல்லை என்பதற்குக் கம்பெனி காட்டுகிற சான்று அந்தத் தாள்தான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அமுதாவின் வாயில் குழாய். பக்கத்தில் தேசம்மா. "இன்னா ஆச்சுன்னு டாக்டர் கேட்டாரு. வூட்ல அடுப்புப் புகைன்னு சொல்லிட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் சரி என்று தலையாட்டினேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு பொய்யைச் சேர்ந்து சொன்ன இரண்டு பேர் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. ஒரே அறையில் உட்கார்ந்து பெண் தொழிலாளர் உரிமை பற்றி வகுப்பு எடுப்போம், டீ குடிப்போம், அதைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

அவள் கம்பெனியை விட்டுவிட்டாள். வெளியே நீங்கள் பார்த்தது சங்கத் தலைவியை. வீட்டில் அவளுக்கு வேறு வேலை. அமுதாவைத் தூக்கி உட்காரவைப்பது, முதுகைத் தட்டிவிடுவது, குளிப்பாட்டுவது, ஆவி பிடிக்கவைப்பது, மூன்று மாடி ஏறித் தண்ணீர் சுமப்பது. எட்டு ஆண்டு. ஒருநாள் நான் போனபோது அமுதாவின் கூந்தலைச் சீவிக்கொண்டே, "நான் கூட்டிக்கினு போனதாலதான் இவ இப்புடி கீறா. அதுக்கு இது தண்டன இல்லக்கா. தண்டனன்னா ஒருநாள் முடியும்ல?" என்றாள். நான் பேச்சை மாற்றினேன். பேச்சை மாற்றுவதில் நான் கைதேர்ந்தவள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வகுப்புக்கு வேறு யாரும் வரவில்லை, மழை. புதிதாக வந்த தாள்களை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். வேலை என்றால் என்ன என்று உலகப் புள்ளிவிவரக்காரர்கள் கூடி மறுபடியும் வரையறுத்திருந்தார்கள். பிறருக்காகவோ தன் வீட்டுக்காகவோ ஒன்றைச் செய்து தருவது, கூலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலைதான் என்று இருந்தது. தேசம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த தாளைத் தமிழாக்கிச் சொன்னேன். குடும்பத்தில் ஒருவர் கூலிக்குப் பார்க்கிற வேலையில், தனக்கென்று கூலி வாங்காமல் கூட இருந்து உதவுகிறவரையும் தொழில் செய்கிறவராகவே எண்ண வேண்டும். கீரை ஆய்கிற கை நின்றுவிட்டது. "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். "இன்னொரு வாட்டி" என்றாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். கதவைத் திறந்து வைத்தே உட்காருகிறவள், தானாகக் கதவைச் சாத்தி நான் பார்த்தது அன்றுதான்.

"அப்ப அமுதா வேல செஞ்சவதானேக்கா?"

"ஆமாம்."

"நான்தான் இல்லன்னுட்டேன்."

"நாம இரண்டு பேரும்" என்றேன். ஏழு ஆண்டில் முதல் முறை.

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. "எனக்கு மெர்சலா கீதுக்கா. சொன்னா அவங்க இன்னா பண்ணுவாங்கோன்னு தெர்ல. நம்ம பொண்ணுங்களே காறித் துப்புவாங்கோ. ஆனா நான் செத்துட்டா இவ எங்கியுமே இல்லாதவளா பூடுவா. அதுதான் ரொம்ப பயமா கீது" என்றாள். இரண்டு பயத்தையும் எடை போட்டுப் பார்த்து, பெரிய பயத்தின் பக்கம் போனாள். அமுதாவுக்கு நஷ்ட ஈடு கேட்டு மனு கொடுத்தோம். அதில் சாட்சி என்று தன் பெயரை மட்டும்தான் எழுதச் சொன்னாள். "நீ வாணாம். வயசான காலத்துல கோர்ட்டு ஆபீஸுன்னு அலையாத. நான் பாத்துக்கறேன்" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவள் போன ஒன்பதாம் நாள் கம்பெனி மேஸ்திரி என் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். என் கையால் டீ வாங்கிக் குடித்தார். "பாவம், நல்ல பொம்பள. அவங்களோட அந்தப் பிரச்சனயும் முடிஞ்சிபோச்சு, இல்லக்கா? நீ ரிட்டயர்டு ஆளு. காலைல தண்ணிக்குப் போறப்போ பாத்துப் போ. லாரிங்கோ ரொம்ப ஸ்பீடா வருது" என்றார். அன்றிலிருந்து லாரி ஹாரன் கேட்டால் குடத்தோடு சுவர் ஓரம் ஒதுங்கிவிடுகிறேன். கதவுத் தாழை இரண்டு முறை போய்ப் பார்க்கிறேன். தொழுகையில் உட்கார்ந்தால் வரிகள் மறந்துபோகின்றன.

அதற்கு மறுநாள் நீங்களும் வந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆறு பேர். "பானுக்கா, நீ வாயத் தொறந்தா எங்க டோக்கன் பூடும். கூட ஒக்காறது குத்தம்னு எங்க மேலயே கேஸ் போடுவான். செத்தவளுக்கு நல்ல கதி கெடைக்கட்டும். உசுரோட கீற எங்களுக்கு வேல வாணாமா?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய சின்ன மகள் இப்போது அவள் கூட உட்காருகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் கேட்டது நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. 'உன் மகளை இன்றைக்கும் அதே இடுக்கில்தானே நிறுத்துகிறார்கள்?' என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் மட்டும் மெதுவாக, "ஆமாக்கா, அதே எடந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேசம்மாவிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொள்வது என்று யோசித்தேன். துணிச்சலை எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது அவளிடமே கிடையாது. எடுத்துக்கொண்டது அவளுடைய பயத்தை. பயந்து ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவதில்லை என்று எனக்குக் காட்டியவள் அவள். இன்னொன்று, அமுதாவை வைத்துக்கொண்டேன். போன வாரம் அவளை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். தரைத்தளம், தண்ணீர் சுமக்க வேண்டாம். முதுகைத் தட்டிவிட எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. "அண்ணி மாரி இல்ல, கொஞ்சம் கீயே தட்டுக்கா" என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆகவே திங்கட்கிழமை நான் சொல்லப்போவதை உங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தந்துவிடுகிறேன். அறிக்கையில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. அதன் மேலே இருக்கும் வரி பொய். தெரிந்துதான் போட்டேன். தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருத்தி அமுதா. மற்ற நால்வரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வருவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு அந்த அலுவலக வாசலில் நிற்கிறேன்.

நேற்று மத்தியானம் விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டிய தாளை அமுதாவும் நானும் உட்கார்ந்து நிரப்பினோம். பெயர், வயது, முகவரி எல்லாம் அவளே எழுதினாள். எட்டாவது வரை படித்தவள், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். தொழில் என்கிற இடத்தில் பேனா நின்றது. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ரேஷன் கடையிலும் அந்தக் கேள்விக்கு அவள் இதுநாள் வரை சொன்ன பதில் 'ஒன்னும் இல்ல' என்பதுதான். மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எறா உரிக்கறதுன்னு... எய்தட்டுமாக்கா? பிரச்சன ஒன்னும்... ஆவாதில்ல?"

"ஆகும்" என்றேன்.

எழுதினாள்.